கூடிப் பழகுவதும் சமமாக வாழ்வதும்

வாசகர் கேள்வி – பதில்

வெவ்வேறு சாதியினர் நெருங்கிப் பழகுவதற்கான வாய்ப்புகளை அரசும் கல்வி நிலையங்களும் திட்டமிட்டு உருவாக்க வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதியிருந்தோம். அதை ஏற்றும் மறுத்தும் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழின் பக்கங்களை முழுமையாக ஒதுக்கியிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: பழகினால் பாகுபாடு குறையும் என்று எழுதுகிறீர்கள். எங்கள் பகுதியில் நிலம் வைத்திருப்பவரும் கூலிக்குப் போகிறவரும் தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள்தாம். ஒரு குடும்பத்தின் நல்லது கெட்டது மற்றக் குடும்பத்துக்குத் தெரியும். இருந்தும் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்றுதானே இருக்கிறது? (ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், திருவாரூர் மாவட்டம்)

பதில்: நம் கிராமங்களில் தொடர்புக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. நடவு முதல் அறுவடை வரை, பிரசவம் முதல் சாவு மேளம் வரை, ஒரு சாதியின் வாழ்க்கை இன்னொரு சாதியின் உழைப்பின் மீதே நிற்கிறது. ஆனால் அந்தத் தொடர்பின் ஒவ்வோர் அசைவும், யார் மேலே, யார் கீழே என்பதை மறுபடியும் மறுபடியும் கற்றுக்கொடுக்கும் விதமாகவே அமைக்கப்பட்டிருக்கிறது.

தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை முறையை எண்ணிப் பாருங்கள். கடைக்காரருக்கு வருகிறவரின் பெயர் தெரியும். அவருக்குச் சர்க்கரை தூக்கலாக வேண்டுமா, குறைவாக வேண்டுமா என்பதும் தெரியும். ஆனாலும் அவருக்கான குவளை கூரை இறவாணத்தில் தனியே செருகியிருக்கும். குடித்தபின் அதை அவரே கழுவி வைக்க வேண்டும். பெஞ்சு காலியாகக் கிடந்தாலும் அவர் ஓரமாகக் குந்தித்தான் குடிக்க வேண்டும். வழக்குக்கு அஞ்சிச் சில கடைகளில் அந்தக் குவளை மறைந்தது. ஆனால் சிலருக்குக் கண்ணாடி டம்ளர், சிலருக்குக் காகிதக் கோப்பை என்று பிரித்துக் கொடுத்தால் பழைய வழக்கம்தான் புதிய பொருளில் தொடர்கிறது. நாள்தோறும் இரண்டு வேளை இப்படிச் சந்தித்துக்கொள்பவர்களுக்குள் பாகுபாடு குறையவில்லையே என்று வியக்க இடமில்லை. இந்தச் சந்திப்பே பாகுபாட்டின் அன்றாடப் பயிற்சி.

அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவாகச் சொன்னார். வெறும் சந்திப்பு போதாது. சந்திக்கும் இடத்தில் இரு தரப்பினரும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான ஓர் இலக்கு இருக்க வேண்டும், அதை ஒத்துழைத்து அடைய வேண்டியிருக்க வேண்டும், சட்டமோ நிர்வாகமோ ஊர் வழக்கமோ அந்தக் கலப்புக்குப் பின்னால் வெளிப்படையாக நிற்க வேண்டும் என்பவை அவர் வகுத்த நிபந்தனைகள். பின்னாளில் தாமஸ் பெட்டிக்ரூ, லிண்டா டிராப் என்ற இருவர் 38 நாடுகளில் நடந்த 515 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். தொடர்பு கூடக் கூட வெறுப்பு குறைகிறது என்பதே மிகப் பெரும்பாலான ஆய்வுகளின் முடிவாக இருந்தது. ஆல்போர்ட்டின் நிபந்தனைகளை ஒட்டி அமைக்கப்பட்ட தொடர்புகளில் அந்தக் குறைவு இன்னும் அதிகமாக இருந்தது. நீங்கள் சொல்லும் பழக்கத்தில் இந்த நான்கு நிபந்தனைகளில் ஒன்றாவது இருந்ததா என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

கேள்வி: அப்படியானால் சமத்துவபுரம் வெற்றியா, தோல்வியா? (வாசகர், திருமங்கலம்)

பதில்: தென் மாவட்டங்களில் 1990களின் நடுவில் நடந்த சாதி மோதல்களின் பின்னணியில் பிறந்த திட்டம் அது. முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் உங்கள் ஊருக்கு அருகில் உள்ள மேலக்கோட்டையில்தான் 1998 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு என்பது கணக்கு. எல்லாம் ஒரே மாதிரியான வீடுகள். ஆல்போர்ட்டின் நிபந்தனைகளில் சம நிலையும் அரசின் ஆதரவும் இதில் உண்டு என்பதால், வீடு அமைந்த விதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். குடியிருப்பின் அமைப்பு மனத்தை மாற்றும் என்பதற்குப் பழைய சான்றும் இருக்கிறது. மார்ட்டன் டாய்ச், மேரி எவன்ஸ் காலின்ஸ் இருவரும் கறுப்பரும் வெள்ளையரும் கலந்து குடியிருந்த நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளையும், தனித்தனிக் கட்டடங்களாகப் பிரித்திருந்த நெவார்க்கின் குடியிருப்புகளையும் ஒப்பிட்டு 1951இல் எழுதினார்கள். கலந்து வாழ்ந்த வெள்ளை இனப் பெண்களிடம் அண்டை வீட்டு நட்பு மட்டுமின்றி, இப்படிக் கலந்து குடியமர்த்தும் கொள்கைக்கான ஆதரவும் கூடுதலாக இருந்தது.

சமத்துவபுரத்தின் குறை அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. வீட்டை அருகருகே கட்டலாம். ஆனால் பிழைப்பு, நிலம், குலதெய்வக் கோயில், பெண் எடுப்பது கொடுப்பது எல்லாம் பழைய ஊரோடு பிணைந்திருக்கும்போது, மாலையில் ஒரே தெருவுக்குத் திரும்புகிறவர்கள் பகலில் பழைய உறவுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. நூறு குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு தொழிலோ கூட்டுறவுப் பால் பண்ணையோ அங்கே முதலிலேயே அமைந்திருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி: எங்கள் கிராமத்தில் கிரிக்கெட் போட்டி நடத்துகிறோம். காலனிப் பையன்கள் ஓர் அணி, தெருப் பையன்கள் ஓர் அணி. விளையாட்டு எல்லோரையும் ஒன்றுசேர்க்கும் என்று நம்பலாமா? (கல்லூரி மாணவர், கடலூர் மாவட்டம்)

பதில்: இப்படி அணி பிரித்தால் நம்ப வேண்டாம். உங்கள் கேள்விக்கென்றே நடத்தப்பட்டதுபோல ஓர் ஆய்வு இருக்கிறது. மேட் லோ என்ற பொருளியலாளர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 1,261 இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் போட்டித் தொடர்களை நடத்தினார். சிலரைச் சொந்தச் சாதிக்காரர்கள் மட்டுமே உள்ள அணிகளிலும், சிலரைக் கலப்பு அணிகளிலும் சேர்த்தார். யார் எதில் என்பது அவரவர் விருப்பத்துக்கு விடப்படாததால், ஏற்கெனவே பரந்த மனம் உள்ளவர்களே கலப்பு அணிக்குப் போனார்கள் என்று சொல்ல வழியில்லை. ஒரே அணியில் வேறு சாதியினரோடு ஆடியவர்களுக்குச் சாதி கடந்த நட்பு கூடியது. பரிசுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது சொந்தச் சாதிக்குச் சாய்வதும் குறைந்தது. வேறு சாதியினரை எதிரணியில் மட்டும் சந்தித்தவர்களிடம் நட்பு குறையவே செய்தது. மைதானம் ஒன்று, பந்து ஒன்று. யார் உங்களுக்காக ஓடுகிறார், யார் உங்களை ஆட்டமிழக்கச் செய்ய ஓடுகிறார் என்பதில்தான் வேறுபாடு.

ஆகவே அடுத்த போட்டியில் சீட்டுக் குலுக்கி அணி பிரியுங்கள். ஊர்ப் பெரியவர்கள் எதிர்த்தால், அந்த எதிர்ப்பே பிரச்சினை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிவிடும். அதே சமயம் மைதானத்திலிருந்து அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் வேண்டாம். இராக்கில் ஐ.எஸ். அமைப்பால் இடம்பெயர்ந்த கிறித்தவர்களின் கால்பந்து அணிகளில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து ஆராய்ந்த சல்மா மூசா 2020இல் எழுதியதைப் பாருங்கள்: கலந்து ஆடியவர்கள் அடுத்த பருவத்திலும் கலப்பு அணியில் சேர முன்வந்தார்கள், பல மாதங்கள் கழித்தும் முஸ்லிம்களோடு பயிற்சி செய்தார்கள், ஆனால் முஸ்லிம்கள் மிகுந்த மொசூல் நகர உணவகத்துக்குப் போகிறீர்களா என்று அழைத்தபோது அவர்களிடம் பெரிய மாற்றம் தெரியவில்லை. பக்கத்தில் நின்று ஆடியவரிடம் வரும் நம்பிக்கை, அவருடைய சமூகம் முழுவதற்கும் தானாகப் பரவிவிடுவதில்லை.

கேள்வி: பள்ளிக்கூடம்தானே கலந்து பழகச் சிறந்த இடம்? அங்கேயே கையில் வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்களே, என்ன செய்வது? (ஆசிரியை, தென்காசி மாவட்டம்)

பதில்: 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் அவரோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமையை மறக்க முடியாது. ஒரே பள்ளி, ஒரே சீருடை, ஒரே பாடநூல். இவ்வளவு இருந்தும் நடந்தது. அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்குவது ஆகியவற்றோடு, மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்ற பரிந்துரையும் அதில் உண்டு.

கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் தில்லியில் 2007இல் வந்த ஒரு விதிப்படி வசதியானவர்களின் தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்த வகுப்புகளை ஆராய்ந்த கௌதம் ராவ், பெயரின் அகர வரிசைப்படி படிப்புக் குழு பிரித்த பள்ளிகளைத் தனியே கவனித்தார். யார் அருகில் யார் என்பதைப் பெயரின் முதல் எழுத்தே முடிவு செய்ததால், உண்மையான நெருக்கத்தின் விளைவு அங்கே துலங்கியது. ஏழைப் பிள்ளைகளோடு பழகிய வசதியான மாணவர்கள் பிறருக்குப் பகிர்ந்து கொடுப்பதில் கூடுதல் நியாயம் காட்டினார்கள். தொடர் ஓட்டத்துக்குத் துணை தேடச் சொன்னபோது, வேகமாக ஓடும் ஏழை மாணவரைத் தவிர்த்து மெதுவாக ஓடும் வசதியானவரைத் தேர்ந்தெடுப்பதும் அவர்களிடம் குறைந்தது.

உங்கள் வகுப்பில் நாளையே செய்யக்கூடியது இது. இருக்கை, ஆய்வகக் குழு, சத்துணவு வரிசை ஆகிய மூன்றையும் பிள்ளைகளின் தேர்வுக்கு விடாதீர்கள். ஆசிரியர் அறையில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதையும் பிள்ளைகள் கவனிக்கிறார்கள் என்பதை உங்கள் சக ஆசிரியர்களுக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: நான் பட்டியலினத்தைச் சேர்ந்தவன். சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கூட வேலை செய்பவர்கள் அன்பானவர்கள். சேர்ந்து சாப்பிடுகிறோம், சுற்றுலா போகிறோம். ஆனால் இட ஒதுக்கீடு பற்றிப் பேச்சு வரும்போது, "இந்தக் காலத்தில் எதற்கு?" என்று அவர்கள் கேட்டால் நான் பேசாமல் இருந்துவிடுகிறேன். இப்போதெல்லாம் அது அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லையோ என்று எனக்கே தோன்றுகிறது. இந்த நட்பு என்னை மாற்றிவிட்டதா? (வாசகர், பெரும்பாக்கம்)

பதில்: இந்த இதழின் எல்லாக் கடிதங்களிலும் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையது. உங்களுக்கு நேர்வதை உலகின் பல இடங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் நீங்கள் தனியாள் இல்லை.

தென்னாப்பிரிக்காவில் இனஒதுக்கல் முடிந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆனபின், ஜான் டிக்சனும் கெவின் டர்ஹெய்மும் காலின் ட்ரெடூவும் அந்நாட்டு மக்களிடம் நடத்திய ஆய்வை 2007இல் வெளியிட்டார்கள். கறுப்பரோடு நல்ல முறையில் பழகிய வெள்ளையர்கள், பழைய அநீதியை ஈடுசெய்யும் கொள்கைகளை மற்ற வெள்ளையர்களைவிடக் குறைவாகவே எதிர்த்தார்கள். இது எதிர்பார்த்ததுதான். ஆனால் வெள்ளையரோடு நல்ல முறையில் பழகிய கறுப்பர்களிடம் அதே கொள்கைகளுக்கான ஆதரவு குறைந்திருந்தது. ஒரே நட்பு, மேலே இருப்பவரைச் சமத்துவத்தின் பக்கம் ஓரடி நகர்த்துகிறது. கீழே வைக்கப்பட்டவரை அந்தக் கோரிக்கையிலிருந்தே ஓரடி பின்னுக்கு இழுக்கிறது. டபேயா ஹெஸ்லரும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 69 நாடுகளில் 12,997 பேரிடம் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டதும் பெரும்பாலும் இதே சித்திரத்தைத்தான் தந்தது. இவை ஒரு காலகட்டத்தின் கருத்தாய்வுகள் என்பதால், எது காரணம், எது விளைவு என்று இவற்றை மட்டும் வைத்து அறுதியிட முடியாது; ஆயினும் திசை ஒன்றாகவே இருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குத் தமர் சாகுயும் அவர் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஒரு சோதனை வெளிச்சம் தருகிறது. இரண்டு குழுக்களை அமைத்து, மதிப்பெண்களைப் பங்கிடும் அதிகாரத்தை ஒரு குழுவிடம் மட்டும் கொடுத்தார்கள். பங்கிடும் முன் சில குழுக்கள் தங்களுக்குள் பொதுவாக உள்ளவற்றையும், வேறு சில குழுக்கள் தங்களுக்குள் உள்ள வேறுபாடுகளையும் பேச வேண்டும். பொதுவானவற்றைப் பேசியவர்களுக்கிடையே இணக்கம் நன்றாக வளர்ந்தது. அதிகாரம் இல்லாதவர்கள், "இவ்வளவு நல்லவர்கள் நமக்கு நியாயமாகத்தான் பங்கு தருவார்கள்" என்று நம்பினார்கள். பங்கிடும் நேரம் வந்தபோது, அதிகாரம் இருந்தவர்கள் வேறுபாடுகளைப் பேசிய குழுக்களில் இருந்தவர்களைப் போலவே தங்களுக்கு அதிகமாக எடுத்துக்கொண்டார்கள். நம்பிக்கை மாறியது, பங்கு மாறவில்லை.

உங்கள் மதிய உணவு மேசையை இதோடு வைத்துப் பாருங்கள். அங்கே கிரிக்கெட், திரைப்படம், வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளி என்று எல்லாம் பேசலாம். உங்கள் தாத்தா எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாமல் இருந்தார் என்பதும், அவர்களின் தாத்தாவுக்கு எவ்வளவு நிலம் இருந்தது என்பதும் மட்டும் பேச்சில் வராது. வந்தால் மேசையில் ஓர் இறுக்கம் பரவும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த இறுக்கத்துக்குக் காரணமானவர் என்ற பெயர் உங்களுக்கே வரும் என்பதும் தெரியும். அதனால் பேசாமல் இருக்கிறீர்கள். உங்களிடம் அன்பாக இருக்கிற பத்துப் பேரை வைத்து, வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது சாதி விசாரிக்கும் வீட்டுக்காரரையும் மனம் அளந்துகொள்கிறது. இது பலவீனம் அன்று. அன்பாக நடத்தப்படும் எந்த மனிதருக்கும் இயல்பாக வருவதுதான்.

இதற்காக நட்பை முறித்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். நட்பில் எது பேசப்படுகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும் என்று ஜூலியா பெக்கரும் சகாக்களும் 2013இல் காட்டியிருக்கிறார்கள். மேல்நிலையில் உள்ள நண்பர், இந்த ஏற்றத்தாழ்வு நியாயமற்றது என்று வாய்விட்டுச் சொன்ன இடங்களில், கீழ்நிலையில் இருப்பவரின் போராடும் மனம் குறையவில்லை. அந்த நண்பர் ஏற்றத்தாழ்வுக்கு நியாயம் கற்பித்தபோதும் மழுப்பியபோதும்தான் குறைந்தது. இட ஒதுக்கீடு பேச்சில் மௌனம் கலைக்க வேண்டிய பொறுப்பு முதலில் உங்கள் நண்பர்களுடையது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அவர்களில் ஒருவரிடமாவது, கூட்டத்தில் வேண்டாம், தனியாக ஒரு மாலையில், உங்கள் குடும்பத்தின் கதையைச் சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை மேசையில் அந்தப் பேச்சு எழும்போது அவர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். அவர் பேசினால் உங்களுக்குத் துணை கிடைத்துவிட்டது. பேசாவிட்டால், அந்த அன்பின் எல்லை எது என்பதாவது தெரிந்துவிடும். "இப்போது பெரிய பிரச்சினை இல்லையோ" என்ற எண்ணத்தை அதற்குப் பிறகு சோதித்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் தோழி வேறு சாதி. அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் என் மாமியார் அவளுக்கென்று ஒரு டம்ளரைத் தனியே எடுத்து வைக்கிறார். சண்டை போட மனமில்லை. சேர்ந்து சாப்பிட்டால்தான் சாதி போய்விடுமா என்றும் கேட்கிறார். என்ன பதில் சொல்ல? (இல்லத்தரசி, சேலம்)

பதில்: சேர்ந்து சாப்பிடுவதால் மட்டும் சாதி போய்விடாது என்பதில் உங்கள் மாமியார் சொல்வது சரி. 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, அங்கே நிகழ்த்த முடியாமல் அச்சிட்டு வெளியிட்ட உரையில் அம்பேத்கரும் சமபந்தி உணவு சாதி உணர்வை அழித்துவிடவில்லை என்று எழுதினார். கலப்பு மணத்தையும், சாதிக்குப் புனிதம் தரும் நம்பிக்கையைத் தகர்ப்பதையுமே அவர் வலியுறுத்தினார். ஆனால் சேர்ந்து சாப்பிட மறுப்பது சாதியை நிச்சயமாகக் காப்பாற்றும். 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டதை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் நாடறியப் போராடியது அதனால்தான்.

சண்டை வேண்டாம் என்றால், தோழி வரும்போது அந்தத் தனி டம்ளரில் நீங்கள் குடியுங்கள். வீட்டாருக்கான டம்ளரில் அவருக்குக் கொடுங்கள். அடுத்ததாக அவர் வீட்டுக்கு நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள், பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். எப்போதும் அவரே உங்கள் வீட்டுக்கு வந்து ஏற்கப்படக் காத்திருக்கும் நிலை இருந்தால் அது சமமான பழக்கம் ஆகாது. டம்ளர் விஷயம் தோழிக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அது தவறு என்று நீங்கள் நினைப்பதை அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.